பாறையைப் பிடித்து நிறுத்தும் பனிக்கட்டி

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைகளிலுள்ள ஷமோனிப் பள்ளத்தாக்கிற்குப் பாறை ஏற வருகிறவர்களில் பலர் பனிக்கட்டியைத் தங்களுக்குத் தொடர்பில்லாத வேறொரு கலையாகக் கருதுகிறார்கள். பனிச்சுவர் ஏற வருகிறவர்களோ பாறையை வழியில் குறுக்கிடும் இடைஞ்சலாகப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனிக் காலணி, தனித்தனிக் கடினநிலை அளவுகோல் என்று எல்லாமே பிரிந்து கிடப்பதால் இந்த எண்ணம் யாருக்கும் இயல்பாகவே வரும். அந்தப் பள்ளத்தாக்கிற்கு மேலே எழும் மோன் பிளாங் மலைத்தொகுதியில் கோடையிலும் குளிரிலும் ஏறிப் பழகிய பிறகு எனக்கு அந்த எண்ணம் அடியோடு மாறிவிட்டது. நெடுக வெடித்து நிற்கும் கிரானைட்டின் பிளவுகளுக்குள் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி, செங்கற்களுக்கு நடுவே சாந்து செய்யும் வேலையை அங்கே செய்துகொண்டிருக்கிறது. அது இளகத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், பனிக்கட்டியைப் படிக்கத் தெரியாதவர் உயரமான மலைகளில் நல்ல பாறை ஏறுநராகவும் இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் பாறையைப் பற்றி. இந்தத் தொகுதியின் கிரானைட் ஏறத்தாழ 30 கோடி ஆண்டு பழமையானது. ஆல்ப்ஸ் மலைகள் எழும்பியபோது அது மேலே தள்ளப்பட்டது. பின்னர் பனியாறுகள் அதன் பக்கங்களைக் குடைந்தெடுத்ததால், இன்று நாம் காணும் ஊசிமுனைச் சிகரங்களும் தூண்களும் உருவாயின. ஏறுநருக்கு அந்தக் கல்லின் பெரும் கொடை அதன் நெடுவிரிசல்கள். விரல் நுனி மட்டும் நுழையும் விரிசலில் விரல்களை மடக்கித் திருக வேண்டும். கை நுழையும் விரிசலில் கட்டைவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே மடக்கிப் புறங்கை சுவரில் இறுகும்படி உப்பவைக்க வேண்டும். அதைவிட அகன்றால் முஷ்டி, அதற்கும் மேலே அகன்றால் தோளும் முழங்காலும். எந்தப் பிடியையும் இழுக்காமல், கல்லுக்குள் கையைப் பூட்டிவிட்டு அதன்மேல் உடலைத் தொங்கவிடும் இந்த முறை கைவந்துவிட்டால், கீழிருந்து பார்க்கும்போது ஏறவே முடியாது என்று தோன்றும் சுவரிலும் நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம். அதே விரிசலில்தான் கேம் என்னும் விரியும் பற்சக்கரக் கருவியையும், ஆப்பு வடிவ நட்டுகளையும் செருகிக் கயிற்றைக் கோத்துக்கொள்கிறோம். பாறை ஏறுநர் விரிசலை நம்பி வாழ்பவர். ஆகவே அந்த விரிசலின் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தலையாய கேள்வியாக இருக்க வேண்டும்.

எகுயீ து மிடியின் தெற்குச் சுவரை இதற்கு நல்ல சான்றாகச் சொல்லலாம். 3,842 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்திற்கு 1955 இல் கம்பிவட ஊர்தி வந்தது. மறு ஆண்டு பிரெஞ்சு ஏறுநர்களான காஸ்தோன் ரெபுஃபாவும் மோரிஸ் பக்கேயும் அந்தத் தெற்குச் சுவரில் ஒரு வழியைத் திறந்தார்கள். சுமார் 200 மீட்டர் உயரமுள்ள அந்த வழியின் செந்நிறக் கிரானைட்டில் கைவைக்கும் எவருக்கும் கல்லின் மீது காதல் பிறந்துவிடும். அந்தச் செந்நிறத்தையும் கவனிக்கத்தான் வேண்டும். புதிதாகப் பெயர்ந்த இடத்தில் இந்தக் கிரானைட் வெளிர் சாம்பல் நிறமாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் காற்றும் வெயிலும் பட்டபின் காவியும் ஆரஞ்சும் கலந்த நிறம் ஏறுகிறது. எனவே ஒரு சுவரைக் கீழிருந்து பார்க்கும்போதே, சாம்பல் திட்டுகள் அண்மையில் கல் விழுந்த இடங்கள் என்றும், சிவந்த பகுதிகள் நெடுங்காலமாக அசையாமல் நிற்பவை என்றும் ஓரளவு கணித்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள வழிகாட்டிகள் தொலைநோக்கியை எடுத்ததும் முதலில் தேடுவது அந்தச் சாம்பல் தழும்புகளைத்தான். வழியின் அழகெல்லாம் பிறகுதான்.

இனிப் பனிக்கட்டி. மலையில் எல்லாப் பனிக்கட்டியும் ஒன்றல்ல என்பதை ஒருவர் எவ்வளவு சீக்கிரம் உணர்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவர் ஏறுநராகிறார். குளிர்காலத்தில் கசியும் நீர் அடுக்கடுக்காக உறைந்து உண்டாகும் உறைந்த அருவி ஒரு வகை. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பகலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறைவதால் செங்குத்துப் பாறைமீது பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும் கெட்டிப்பனி இன்னொரு வகை. ஏறுநருக்கு அதைவிட இனியது வேறில்லை. ஒரே அடியில் கோடரி புதைந்து அசையாமல் நிற்கும். கோடையின் இறுதியில் மேற்பனி முழுவதும் கரைந்தபின் வெளிப்படும் பழைய பனிக்கட்டி மூன்றாவது வகை. பல பத்தாண்டுகளாக அழுத்தப்பட்டு, மண்ணும் கல்துகளும் கலந்து, கறுத்து இறுகிப்போன அதன்மேல் கோடரியை ஓங்கினால் பாதி நேரம் தெறித்துத் திரும்பும். இவை தவிர, பாறையின் மேல் கண்ணாடித் தகடாகப் படியும் மெல்லிய உறைவு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வெர்க்லா என்று அழைக்கும் அது கிராம்பானின், அதாவது காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டத்தின், முனைக்கு மெல்லியதாகவும் ரப்பர் காலணிக்கு வழுக்கலாகவும் இருந்து, எளிய பாறைவழியையும் ஒரு மணி நேரத்தில் பயங்கரமாக்கிவிடும்.

உறைந்த அருவியில் கோடரி வீசுவதற்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. தோள்பட்டையின் முழு வலிமையையும் காட்டிப் பலமுறை அடிப்பவர் இரண்டு கயிற்று நீளத்திற்குள் களைத்துவிடுவார். முழங்கையிலிருந்து வீச்சைத் தொடங்கி, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி, கோடரியின் எடையே முனையை உள்ளே செலுத்தும்படி விட வேண்டும். புடைத்து நிற்கும் இடத்தில் அடித்தால் பனிக்கட்டி தட்டுத்தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். உட்குழிந்த இடத்தைத் தேடி அடித்தால் முனை இறுகப் பிடிக்கும். நன்றாகப் புதைந்த அடியின் ஒலி தாழ்ந்து அடங்கியதாக இருக்கும். வெற்றிடத்தின் மேல் ஒட்டியிருக்கும் பனிக்கட்டியோ பறைபோல் அதிரும். கால்களைப் பொறுத்தவரை குதிகாலைத் தாழ்த்தி வைப்பது முக்கியம், ஏனெனில் குதிகால் உயர்ந்தால் கிராம்பானின் முன்முனைகள் பிடி நழுவுவதோடு கெண்டைக்காலும் எரியத் தொடங்கும். வெப்பநிலை பூச்சியத்திற்குச் சற்றுக் கீழே இருக்கும்போது பனிக்கட்டி இணக்கமாக இருக்கிறது. கடுங்குளிரில் அது உடையும் தன்மை பெறுகிறது. தரையைத் தொட்டு நிற்கும் தனித்தூண்கள் திடீர்க் குளிர்வீழ்ச்சியின்போது சுருங்கி, உள்ளிறுக்கம் மிகுந்து, ஒரு கோடரி அடிக்கே முறிந்து விழுந்த நிகழ்வுகள் உண்டு. கடுங்குளிர் என்றால் பாதுகாப்பு என்று எண்ணிப் புறப்படுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு ஐஸ் ஸ்க்ரூ என்னும் உள்ளீடற்ற எஃகுக் குழாயைத் திருகி இறக்குகிறோம். திருகும்போது குழாயின் வழியே வெளிவரும் பனிக்கட்டித் தண்டைப் பார்ப்பதை நான் பாதிப் பரிசோதனையாகவே கருதுகிறேன்: தெளிந்து இறுகி வந்தால் உள்ளே திடமான பனிக்கட்டி இருக்கிறது, வெளுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தால் காற்றடைத்தது, நீர் பீறிட்டால் பின்னால் அருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூவே இல்லாமல் இறங்கவும் வழியுண்டு. பனிக்கட்டிக்குள் இரண்டு துளைகளை உள்ளே சந்திக்கும்படி சாய்வாகத் துளைத்து, அவற்றின் வழியே ஒரு கயிற்றுத் துண்டைக் கோத்து முடிச்சிட்டால், அந்த முக்கோண வளையம் ஆளின் எடையை நம்பகமாகத் தாங்கும். சோவியத் ஏறுநர் விதாலி அபலாக்கோவின் பெயரால் வழங்கும் இந்த முறையால், விலையுயர்ந்த ஸ்க்ரூக்களை மலையில் விட்டுவராமல் பனிச்சுவரில் எத்தனை முறை வேண்டுமானாலும் கயிற்றில் இறங்கலாம். அபலாக்கோவ் 1936 இல் கான் தெங்ரிச் சிகரத்தில் உறைபனிக் காயத்தால் பல விரல்களை இழந்தவர் என்பதையும், அதன் பின்னும் ஏறிக்கொண்டிருந்தவர் என்பதையும் இங்கே மரியாதையுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

இந்தக் கருவிகள் பலவற்றின் வரலாறும் இதே மலைத்தொகுதியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. 1786 ஆகஸ்ட் 8 அன்று ஜாக் பல்மாவும் மருத்துவர் மிஷேல்-கபிரியேல் பக்காரும் மோன் பிளாங் உச்சியை முதன்முதலாக அடைந்தபோது அவர்களிடம் கயிறும் இல்லை, பனிக்கோடரியும் இல்லை. நீண்ட தடிகள் மட்டுமே இருந்தன. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பனிச்சரிவு ஏறுவது என்றால் வழிகாட்டி முன்னே நின்று நீண்ட கோடரியால் படி வெட்டுவதும், மற்றவர்கள் அந்தப் படிகளில் பின்தொடர்வதும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் வடிவமைத்த பத்து முனைக் கிராம்பானை இத்தாலியப் பக்கத்திலுள்ள கூர்மேயோரில் ஹென்றி கிரிவெல் என்னும் கொல்லர் அடித்துக் கொடுத்தார். 1929 இல் லோரான் கிரிவெல் அதில் முன்னோக்கி நீளும் இரண்டு முனைகளைச் சேர்த்தார். இந்த இரண்டு முனைகள் என்ன செய்தன என்பது 1938 இல் பெர்னீஸ் ஆல்ப்ஸின் ஐகர் வடமுகத்தில் உலகுக்கே தெரிந்தது. பன்னிரண்டு முனைக் கிராம்பான் அணிந்திருந்த ஹெக்மேயரும் ஃபோர்க்கும், முன்னதாகவே புறப்பட்டுப் படி வெட்டிக்கொண்டிருந்த காஸ்பரெக், ஹாரர் இருவரையும் விரைவிலேயே எட்டிப் பிடித்தார்கள். ஹாரரிடம் அன்று கிராம்பானே இல்லை. பின்பு நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து உச்சியை அடைந்தார்கள்.

அதே 1938 கோடையில் இத்தாலிய ஏறுநர் ரிக்கார்டோ கசினும் இரண்டு தோழர்களும் மோன் பிளாங் தொகுதியின் கிரான்ட் ஜோராஸ் வடமுகத்திற்கு வந்து அங்கே துருத்தி எழும் பாறை முகடான வாக்கர் விலாவை ஏறினார்கள். அந்த மலையை அதற்கு முன் அவர்கள் நேரில் கண்டதே இல்லை. 4,208 மீட்டர் உச்சியை நோக்கி நேராக எழும் அந்த விலா, பட்டியலில் பாறைவழியாகவே இடம்பெறுகிறது. நல்ல வறண்ட கோடையில் அது அப்படியே இருக்கும்; ஒரு புயல் அடித்துவிட்டால் அதன் விரிசல்களில் எல்லாம் வெர்க்லா நிறைந்து, கிராம்பானும் கோடரியும் இன்றி ஒரு கயிற்று நீளம்கூட நகர முடியாத நிலை வந்துவிடும். பாறைவழி, பனிவழி என்று வகைப்படுத்துவது நூல்களுக்கு வசதியானது. ஆனால் மலையின் வடமுகத்தில் ஒரே நாளின் காலையும் மாலையும் இருவேறு வழிகளாக இருக்கக்கூடும்.

இந்த இணைப்பைப் பேசும்போது த்ரூ சிகரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஷமோனிக்கு மேலே, மேர் து கிளாஸ் பனியாற்றின் கரையில், ஓங்கிய கோபுரமாக நிற்கும் பெத்தி த்ரூவின் தென்மேற்குத் தூணை 1955 ஆகஸ்டில் இத்தாலியரான வால்தேர் பொனாத்தி தன்னந்தனியாக ஆறு நாள் போராடி ஏறினார். ஐந்தாம் நாள் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் இறங்க முடியாமல் தொங்கிய நிலையில், கயிற்றின் நுனியில் முடிச்சுகளும் கண்ணிகளும் போட்டு, எதிரே துருத்தி நின்ற பாறைச் செதில்களில் சிக்கும்வரை வீசிப் பார்த்து, அது தாங்குமா என்று உறுதியாகத் தெரியாமலேயே அதை நம்பி ஊசலாடித் தாண்டினார். ஏறுநர்களின் பல தலைமுறைகள் அந்தத் தூணைப் பொனாத்தி தூண் என்றே அழைத்து, அதை ஏறுவதைத் தம் வாழ்வின் இலக்குகளுள் ஒன்றாக வைத்திருந்தன. அதே த்ரூவின் வடபுறத்தில் இருக்கும் கூலுவாரை, அதாவது இரண்டு பாறை விலாக்களுக்கு இடையே பனிக்கட்டி நிறைந்து செங்குத்தாக இறங்கும் இடுக்கை, 1973 டிசம்பரில் வால்தேர் செக்கினெல்லும் கிளோத் ஜாகரும் ஏறினார்கள். படி வெட்டாமல், இரு கையிலும் வளைமுனைக் கோடரி பிடித்து, முன்முனைகளில் நின்று ஏறும் புதிய முறைக்கு அந்த ஏற்றம் ஒரு திறப்பாக அமைந்தது. இரண்டு ஆண்டுகளில் ஜான்-மார்க் புவாவானும் பத்ரிக் கபாரூவும் மோன் பிளாங் து தக்யூலின் கிழக்கு முகத்தில் சூப்பர் கூலுவாரை முடித்தார்கள். ஒரே மலையின் ஒரு பக்கம் பாறையேற்றத்தின் உச்சமும் மறுபக்கம் பனிக்கட்டி ஏற்றத்தின் புதுத் தொடக்கமுமாக இருந்ததால்தான் எனக்குத் த்ரூவின் மேல் தனி ஈர்ப்பு.

2005 ஜூன் இறுதியில் பொனாத்தி தூண் இடிந்து விழுந்தது. ஒரே நிகழ்வில் இரண்டரை லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை கீழே சரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த வழி, அதன் கைப்பிடிகளோடும் விரிசல்களோடும் சேர்ந்து, பனியாற்றின் மேல் கற்குவியலாகிவிட்டது. இன்று பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தாலும் சுவரில் அந்த வெளிர் சாம்பல் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. 2011 இலும் அதே முகத்தில் பெரிய சரிவுகள் நிகழ்ந்தன. நான் பொனாத்தி தூணை ஏறியவனில்லை; அதை ஏறியிருந்த முதிய வழிகாட்டி ஒருவர் அந்தத் தழும்பைக் காட்டி, எந்த உயரத்தில் எந்த விரிசல் இருந்தது என்று வெறும் வானத்தில் விரலால் வரைந்து விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதரின் கைகள் நினைவில் வைத்திருக்கும் இடம் உலகில் இல்லாமல் போய்விடுவது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தத் தூண் விழுந்ததன் காரணத்தை ஆராய்ந்தவர்கள் பாறைக்குள் இருக்கும் நிரந்தர உறைபனியையே முதன்மையாகச் சுட்டுகிறார்கள். உயரமான சுவர்களின் உள்ளே ஆண்டு முழுவதும் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழேயே இருக்கும். அங்கே விரிசல்களில் புகுந்த நீர் பனிக்கட்டியாகி இரு பக்கக் கல்லையும் ஒட்டவைக்கிறது. இதில் ஏறுநர்கள் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு: அந்தப் பனிக்கட்டி உருகினால்தான் ஆபத்து என்பதில்லை. உருகுநிலையை நெருங்க நெருங்க, உறைந்த நிலையிலேயே அதன் பிடிப்பு குறைந்துவிடுகிறது. மேலும் கோடைநீர் விரிசல் வழியே இறங்கும்போது, கல்லின் வழியாக மெல்லக் கடத்தப்படும் வெப்பத்தைவிட மிக வேகமாக வெப்பத்தை ஆழத்திற்குக் கொண்டு செல்கிறது. இதனால் சிறு கற்கள் வெயில் ஏறிய சில மணி நேரத்தில் விழ, பெரும் பாறைத் தொகுதிகள் கோடையின் பிற்பகுதியிலோ இலையுதிர்காலத்திலோ, வெளியே குளிரத் தொடங்கிய பிறகும்கூட, விழுகின்றன. எகுயீ து மிடியின் பாறையில் 2009 முதல் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குத் துளைகள் இட்டு உள்வெப்பநிலையை அளந்துவருகிறார்கள். ரெபுஃபாவின் செந்நிறச் சுவரில் நாம் கைப்பூட்டுப் போட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது, அதே சிகரத்திற்குள் கருவிகள் அந்தச் சுவரின் உடல்வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

2003 கோடையின் வெப்ப அலை இந்தத் தொடர்பை முதன்முதலாகப் பலருக்குக் கண்முன் காட்டியது. அந்தக் கோடையின் இறுதியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு மோன் பிளாங் தொகுதியில் மட்டும் 182 பாறைச்சரிவுகளை ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். 2018 ஆகஸ்டில், பாறையும் பனியும் கலந்த வழியை ஏற விரும்பும் பலரும் முதலில் தேர்ந்தெடுக்கும் கோஸ்மீக் முகட்டின் ஒரு பகுதி இடிந்தது. 2022 ஜூலை 25 அன்று சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை பூச்சிய வெப்பநிலைக் கோட்டை 5,184 மீட்டர் உயரத்தில் அளந்தது. மோன் பிளாங்கின் உச்சி 4,800 மீட்டரைச் சற்றே தாண்டியது. அதாவது அன்று மேற்கு ஐரோப்பாவின் மிக உயர்ந்த இடத்திற்கும் மேலேதான் உறைநிலை தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பதிவும் முறிந்து, கோடு 5,298 மீட்டருக்கு ஏறியது.

2022 கோடையில், மோன் பிளாங் உச்சிக்குப் பலரும் செல்லும் வழக்கமான கூத்தே வழியில் வழிகாட்டிச் சங்கங்கள் ஏற்றங்களை நிறுத்திவைத்தன. பின்னர் அந்த வழியிலுள்ள இரண்டு தங்குமனைகளும் சில காலம் மூடப்பட்டன. அந்த வழியின் குறுக்கே உள்ள கூலுவாரை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தொழில்நுட்பத்தில் மிக எளியது. சில பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு சரிவைக் குறுக்கே நடந்து கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 1990 முதல் 2017 வரையிலான காலத்தில் அந்தச் சரிவிலும் அதையடுத்த பாறை விலாவிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். மேலே பனி மூடியிருக்கும்போது கற்கள் உறைந்து ஒட்டிக் கிடக்கும். பனி கரைந்ததும் அதே கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அங்கே கைத்திறனால் ஆவது ஒன்றுமில்லை. பனிக்கட்டி எப்போது கல்லைப் பிடித்திருக்கிறது, எப்போது விட்டுவிட்டது என்னும் அறிவு மட்டுமே காக்கும்.

காஸ்தோன் ரெபுஃபா 1973 இல் மோன் பிளாங் தொகுதியின் மிக அழகிய நூறு ஏற்றங்களை ஒரு நூலாகத் தொகுத்தார். எளிய பனிநடையில் தொடங்கிக் கடினமான வடமுகங்கள் வரை வரிசைப்படுத்தியிருந்த அந்தத் தொகுப்பு, ஐரோப்பிய ஏறுநர்கள் பலருக்கு வாழ்நாள் திட்டமாகவே இருந்தது. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவற்றுள் 95 வழிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. 93 வழிகள் காலநிலை மாற்றத்தால் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தன. 26 வழிகள் மிகக் கடுமையாக. மூன்று வழிகள் இல்லாமலேயே போய்விட்டன. பனிமுகடு மெலிந்து வெறும் பனிக்கட்டியாவது, பனியாறு தாழ்ந்ததால் வழியின் அடியில் புதிய வழவழப்பான பாறை வெளிப்படுவது, பனியாற்றுக்கும் சுவருக்கும் இடையிலான பிளவு தாண்ட முடியாத அளவுக்கு அகல்வது எனப் பாதிப்புகள் பலவகை. 1865 இல் எட்வர்ட் விம்பர் எகுயீ வெர்ட் சிகரத்தின் முதல் ஏற்றத்திற்குப் பயன்படுத்திய கூலுவார் ஜூன் இறுதியில் ஏறப்பட்டது. இன்று அதை ஏற விரும்புகிறவர் கோடையை எதிர்பார்ப்பதில்லை. வசந்தத்திலேயே, பனி நிறைந்திருக்கும்போதே போய்விடுகிறார்.

மேர் து கிளாஸ் பனியாற்றின் தாழ்வை உணர எந்தக் கருவியும் வேண்டாம். மோன்தான்வேர் ரயில் நிலையத்திலிருந்து பனியாற்றின் மட்டத்திற்கு இறங்கும் வழியில், அந்தந்த ஆண்டுகளில் பனிக்கட்டி எங்கே இருந்தது என்று பாறையில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். 1988 இல் கம்பிவட ஊர்தி கிட்டத்தட்டப் பனிக்கட்டியின் அருகிலேயே பயணிகளை இறக்கிவிட்டது. பிற்காலத்தில் அங்கிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியதாயிற்று. ஏறுநர்களுக்கு இதன் பொருள் வேறு. தங்குமனைகளுக்குச் செல்லும் வழிகள் எல்லாம் பனியாற்றிலிருந்து பாறைக்கு ஏறுவதாக அமைந்தவை. பனியாறு தாழத் தாழ அங்கே இரும்பு ஏணிகளைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. முதுகில் கயிறும் கருவிகளும் சுமந்து, தளர்ந்த மண்ணும் கல்லும் நிறைந்த கரையைத் தாண்டி, அந்த ஏணிகளில் ஏறிய பிறகுதான் பழைய நூல்கள் சொல்லும் வழி தொடங்குகிறது. அந்தக் கரைச்சரிவே இப்போது அந்த நாளின் மிக ஆபத்தான பகுதியாக இருப்பதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறலாம், ஆனால் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டு ஏற வேண்டும் என்பது என் விடை. முன்பு முதற்கேள்வி இந்த வழியின் கடினம் என் திறனுக்குள் இருக்கிறதா என்பதாக இருந்தது. இப்போது முதற்கேள்வி நேற்றிரவு உறைந்ததா என்பது. அதற்கு வெப்பமானி எண் மட்டும் போதாது. வானம் தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து, காற்றின் வெப்பநிலை பூச்சியத்திற்குச் சற்று மேலே இருந்தாலும்கூட மேற்புறம் இறுகிவிடும். மேகம் மூடிய இரவில் காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தும் பனி ஈரமாகவே கிடக்கும். அதிகாலை இரண்டு மணிக்குத் தங்குமனையின் வாசலில் நின்று, காலணியின் குதிகாலால் பனியை மிதித்துப் பார்த்து, பாதம் உள்ளே போனால் திரும்பிப் படுத்துக்கொள்கிறவரை நான் பெரிதும் மதிக்கிறேன். உறைந்திருந்தால், கிழக்கு முகங்களில் முதற்கதிர் படுவதற்கு முன் அவற்றின் கூலுவார்களைத் தாண்டிவிட வேண்டும். மேற்கு முகங்களில் மாலைக்கு முன் இறங்கிவிட வேண்டும். அதோடு, பெருங்கற்கள் இந்த அன்றாடக் கணக்குக்கு அடங்குவதில்லை என்பதால், நீண்ட வெப்ப அலைக்குப் பிறகான வாரங்களில் நிரந்தர உறைபனி உள்ள சுவர்களை முற்றாகவே தவிர்க்க வேண்டும், இரவு எவ்வளவு உறைந்திருந்தாலும்.

பயிற்சி பற்றியும் ஒன்று சொல்கிறேன். உள்ளரங்கச் சுவர்களில் வளர்ந்த இளைஞர்கள் எங்கள் தலைமுறை கனவிலும் நினைக்காத விரல்வலிமையோடு மலைக்கு வருகிறார்கள். அவர்களைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியே. அவர்களுக்குக் குறைவது வலிமையோ துணிவோ அல்ல. பருவங்களைக் கண்டிராததுதான் குறை. ஆகவே கோடையில் ஷமோனியின் கிரானைட்டை ஏற விரும்பும் ஒருவரிடம், அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அர்ஜாந்தியேரின் உறைந்த அருவிகளிலோ எல்லைக்கு அப்பால் கோன்யே பள்ளத்தாக்கிலோ வந்து பனிக்கட்டியில் பழகுங்கள் என்று சொல்வேன். ஸ்க்ரூவிலிருந்து வெளிவரும் தண்டைப் பார்த்துப் பனிக்கட்டியின் தரத்தைச் சொல்லக் கற்றவர், கோடையில் ஒரு விரிசலின் அடியில் பளபளக்கும் ஈரத்தைக் கண்டதும் அதைத் தாண்டிப் போகமாட்டார். அது எங்கிருந்து வருகிறது, நேற்றும் இருந்ததா, எதைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று நின்று யோசிப்பார். உறைந்த அருவியில் கேட்ட வெற்றொலியை, ஒரு பாறைச் செதிலைக் கையால் தட்டும்போது அவர் காது அடையாளம் காணும்.

இப்போது நானும் என் கயிற்றுத் துணையும் ஆண்டைப் பிரிப்பது பழைய நூல்களின்படி இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை உறைந்த அருவிகள். ஏப்ரல், மே மாதங்களில் உயரமான கூலுவார்களும் வடமுகங்களும். ஜூனில் மிடியின் தெற்குச் சுவர் போன்ற உயர்ந்த கிரானைட். வெப்பம் உச்சத்தை எட்டும் ஜூலை, ஆகஸ்டில் உயரத்தை முற்றிலும் விட்டுவிட்டு, உறைபனியே இல்லாத தாழ்ந்த சுவர்களுக்கு, பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் சிவந்து நிற்கும் எகுயீ ரூஜ் மலைகளுக்கு வந்துவிடுகிறோம். அங்கிருந்து நிமிர்ந்தால் எதிரே த்ரூவும் வெர்ட்டும் முழுமையாகத் தெரியும். செப்டம்பரில் முதற்பனி விழுந்து இறுகியதும் மீண்டும் கூலுவார்களைப் பார்க்கத் தொடங்குகிறோம். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் ஷமோனியிலுள்ள மலைத் தகவல் அலுவலகத்திற்குச் சென்று, அண்மையில் அந்த வழியில் போய்வந்தவர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்கிறோம். நாங்கள் இறங்கியதும் கண்டவற்றை அதே ஏட்டில் எழுதுகிறோம்: எந்த மணிக்கு எங்கே கல் விழுந்தது, பிளவு எவ்வளவு அகன்றிருக்கிறது, எந்தக் கயிற்று நீளத்தில் பனிக்கட்டி கறுத்துவிட்டது, எந்த விரிசலில் நீர் வழிகிறது.